இசைத்தட்டும் தொடர்நிலையும்

செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுப்பர் தண்டியலங்கார நூலார். இவ்வகுப்பினைப் பல்லாண்டுகளாகக் கற்பித்துவரும் நான், மேனாட்டு றொக் இசைத்தட்டொன்று தொடர்நிலைக்கு எடுத்துக்காட்டாகக் கூடுமென்று ஒருபோதும் எண்ணியதில்லை. எண்ணவைத்தவன் என் மாணாக்கன் ஒருவன். அவ்விசையை வெறும் ஆரவாரமென்று வகுப்பில் நான் எள்ளியபோது, “ஐயா, ஒன்றை முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்” என்றான்.

அவன் கேட்பித்தது, பிங்க் புளொயிட் குழுவினர் 1973இல் வெளியிட்ட ‘த டார்க் சைட் ஒவ் த மூன்’. ஏறத்தாழ 43 நிமிடம் ஒலிப்பது. இதயத் துடிப்பிலே தொடங்கி, காலம், பணம், மரணம், மனப்பேதலிப்பு என்பவற்றைப் பாடிச்சென்று, இதயத் துடிப்பிலேயே அடங்குகின்றது. இறுதி முதலோடு சென்று பொருந்துவதை அந்தாதியில் மண்டலித்தல் என்போம். அதனையே அங்குக் கேட்டேன். ஆரவாரமென்று நான் சொன்னது கேளாமற் சொன்ன சொல்.

இவ்வடிவம் மிகப் பழையதன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய தட்டின் பக்கமொன்றில் மூன்று நான்கு நிமிடமே அடங்கும். அது முத்தகத்தின் காலம். 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டினை வெளியிட்டபின், பக்கமொன்றில் இருபது நிமிடத்துக்கு மேல் இடங்கிடைத்தது. முதலிற் பாடல்களைத் தொகுத்தே வைத்தனர். பின்னர்த் தொடுக்கவும் கற்றனர். பீற்றில்ஸ் குழுவினர் 1967இல் ‘சார்ஜன்ற் பெப்பர்’ தட்டின் பின்னட்டையிற் பாடல்களை அச்சிட்டனர்; 1969இல் ‘அபே ரோட்’ தட்டின் இரண்டாம் பக்கத்திலே சிறு பாடல்கள் பலவற்றை ஒன்றோடொன்று இணைத்தனர். அன்றைய சுவைஞன் அட்டையை மடியில் வைத்துப் பாட்டைப் படித்தவாறே கேட்டான்; பக்கம் முடிந்தால் எழுந்து தட்டைத் திருப்பினான்.

1979இல் வந்த வோக்மன் கேட்டலைத் தனியொருவன் காதுக்குள் ஒடுக்கிற்று. 1982இல் வந்த இறுவட்டில் விரும்பாத பாட்டை ஒரு பொத்தானாற் கடக்க முடிந்தது. 2003இல் தொடங்கிய ஐடியூன்ஸ் கடை பாட்டைத் தனித்தனியே விற்றது. இன்று கைத்தொலைபேசியே பாட்டுக்களைக் கலைத்துத் தருகின்றது. 2021இல் பாடகி அடெல் தம் புதிய தொகுப்பு வெளிவந்தபோது, தொகுப்புக்களைத் தாமாகவே கலைத்து ஒலிக்கச் செய்யும் முறையை நீக்குமாறு ஸ்பொற்றிபை நிறுவனத்தை வேண்ட, அந்நிறுவனமும் இசைந்தது.

பழையது போயிற்றே என்று புலம்ப நான் முன்வரேன். தட்டொன்று வாங்க வழியில்லாத மாணாக்கனும் இன்று எல்லாவற்றையுங் கேட்கின்றான். இது சிறு பேறன்று. தட்டும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1987க்குப் பின் முதன்முறையாக, 2022இல் இறுவட்டினும் நெடுநேரத் தட்டே எண்ணிக்கையில் மிகுதியாக விற்றது. ஆயினும் வாங்குதல் வேறு, கேட்டல் வேறு. தட்டினைச் சுவரில் அழகுக்கு மாட்டிவைப்பாரும் உளர்; கைத்தொலைபேசியிலே ஆதியோடந்தமாய்க் கேட்பாரும் உளர். என் மாணாக்கன் இரண்டாம் வகையினன். ஆதலின் குறை கருவியில் இல்லை. ஆக்கியோன் வைத்த முறைக்குச் சிறிது நேரம் நம்மை ஒப்புக்கொடுக்கும் பொறுமையே அருகி வருகின்றது. முறைப்பட வைத்தலை நூலின் பத்து அழகுகளுள் ஒன்றாக நன்னூலார் கொண்டமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இளைஞரை இதன்பொருட்டு இடித்துரைக்க முற்பட்டபோது என் நா எழவில்லை. கம்பராமாயணத்திற் பரீட்சைக்குரிய செய்யுட்களை மட்டும் உருவியெடுத்து, முன்னும் பின்னும் நிகழ்ந்தது கூறாது, எத்தனை ஆண்டுகள் உரைசொல்லி வந்தேன்! அவர்கள் கைத்தொலைபேசி செய்வதை நான் வெண்கட்டியாற் செய்துவந்திருக்கின்றேன்.

இத்தவணை முதல் ஒரு படலத்தையேனும் இடைநிறுத்தாது வகுப்பில் வாசித்துக்காட்டத் துணிந்துள்ளேன். மாணாக்கரிடம் நான் வேண்டுவதும் அதுவே. தாம் விரும்பும் குழுவினரின் தொகுப்பொன்றை முதற்பாட்டுத் தொடங்கி இறுதிவரை, அவர்கள் வைத்த முறையிலே, ஒருமுறை கேட்பாராக. பின்னர் எப்பாட்டைத் தனித்தெடுத்துச் சுவைப்பினும், அஃது எங்கிருந்து எடுக்கப்பட்டதென்பதை அவர் செவி அறிந்திருக்கும்.