திருநாளுக்கு ஒரு திரைப்படம்

முதுமை எய்திய அன்பர்கள் பலருக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. திருவிழாக் கூட்டத்தில் நெடுநேரம் நின்று தரிசிக்க உடல் இடம் தருவதில்லை என்பது ஒன்று. பேரப்பிள்ளைகள் ஆலயத்துக்கு வந்தாலும், அங்குள்ள திருவுருவங்களின் வரலாறு அவர்களுக்குத் தெரிவதில்லை என்பது மற்றொன்று. இரவெல்லாம் விழித்திருந்து கதாகாலட்சேபம் கேட்ட தலைமுறைக்கும், அந்தச் சொல்லையே அறியாத தலைமுறைக்கும் நடுவே ஒரு பாலம் தேவைப்படுகிறது. நம் இளமைக் காலத்துப் பக்திப் படங்கள் அப்பாலமாக உதவும்.

ஆயினும் கிடைத்த படத்தைக் கிடைத்த நாளில் பார்ப்பதால் பயன் குறைவு. எந்தத் திருநாள் வருகிறதோ, அதற்குரிய படத்தை அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு அமர்ந்து காண்பது நலம். திரையில் கண்ட கதையைச் சில நாள்களில் கோயிலில் திருவிழாவாகவோ அலங்காரமாகவோ காணும் குழந்தைக்கு அது என்றும் மறவாது. ஆவணியில் தொடங்கி ஆடி வரை ஓர் ஆண்டுக்கான வரிசையை இங்கே தருகிறோம்.

ஆவணி மூலத்தை ஒட்டி மதுரையில் சொக்கநாதப் பெருமானின் லீலைகள் திருவிழாவாக நடைபெறுகின்றன. அதற்கு முன்பு காண வேண்டியது, ஏ.பி. நாகராஜன் இயக்கி 1965-ஆம் ஆண்டு வெளிவந்த ‘திருவிளையாடல்’. சிவபெருமானாகச் சிவாஜி கணேசனும், உமையம்மையாகச் சாவித்திரியும், தருமியாக நாகேஷும் நடித்தனர். நக்கீரராக நடித்தவர் இயக்குநர் நாகராஜனே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்; வியப்போடு பார்ப்பார்கள். தருமிக்குப் பொற்கிழி அளித்ததும், விறகு விற்றதும், வலை வீசியதும் பரஞ்சோதி முனிவர் பாடிய அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் உள்ளவை. தக்கன் வேள்வி அவற்றில் சேர்ந்ததன்று. வேறு புராணங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. புட்டுக்கு மண் சுமந்த கதை படத்தில் இல்லை. பாட்டி சொல்வதற்கென்றே விட்டுவைத்தது போல அது இருக்கிறது!

புரட்டாசி ரோகிணி, திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் குருபூசை நாள். அதற்குரியது ஜெமினி நிறுவனம் 1942-இல் வெளியிட்ட ‘நந்தனார்’. தேவார இசையில் தோய்ந்தவரும், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவருமான தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்தார். வேதியராகத் தோன்றியவர் செருகளத்தூர் சாமா. இந்த வேதியர் பாத்திரம் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் நாட்டில் பரவியது. சேக்கிழார் காட்டும் நந்தனாருக்குத் தடையாக நிற்பவர் எந்தப் பண்ணையாரும் அல்லர். தம் பிறப்பை எண்ணித் தில்லையின் எல்லையிலேயே அவர் தயங்கி நிற்கிறார்.

இப்படத்தைக் காணும் பிள்ளைகள், “அவரை ஏன் உள்ளே விடவில்லை?” என்று நிச்சயம் கேட்பார்கள். அக்கேள்வியை மழுப்பிவிடுதல் தகாது. அது மனிதர் இழைத்த அநீதி என்பதையும், இறைவன் அதற்கு உடன்படவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். திருப்புன்கூரில் அடியவர் தம்மைக் காணும் பொருட்டு நந்தியையே விலகச் செய்தவர் சிவலோகநாதர். இப்படம் வருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான், 1939 ஜூலை 8 அன்று, அதுவரை தடுக்கப்பட்டிருந்த மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் நுழைந்தார் வைத்தியநாத ஐயர். அச்செய்தியையும் சேர்த்துச் சொன்னால்தான் நந்தனார் கதை நிறைவு பெறும்.

நவராத்திரிக்கு ‘சரஸ்வதி சபதம்’ (1966) பொருத்தமானது. கல்வியா, செல்வமா, வீரமா எது உயர்ந்தது என்ற வாதம் எழுந்து, மூன்றும் இணைந்திருப்பதே சிறப்பு என்று முடியும் கதை. முப்பெருந்தேவியரையும் ஒரே கொலுவில் வைத்து வணங்குவது ஏன் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருப்போர், சூரசம்ஹாரத்துக்கு முன்பு ‘கந்தன் கருணை’யை (1967) காணலாம். முருகப் பெருமானாகச் சிவகுமாரும், வள்ளியாக ஜெயலலிதாவும், ஔவையாராகக் கே.பி. சுந்தராம்பாளும் நடித்தனர். திரையிசை அமைப்பாளருக்கான தேசிய விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றது இப்படத்துக்கு இசையமைத்த கே.வி. மகாதேவனே.

ஸ்ரீராம நவமிக்கு ‘சம்பூர்ண ராமாயணம்’ (1958). என்.டி. ராமாராவ் ஸ்ரீராமராகவும், பத்மினி சீதாபிராட்டியாகவும் நடித்த இப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்றது பரதன் வேடம். திரைப்படங்களில் நாட்டம் இல்லாத ராஜாஜியே அந்தப் பரதனைக் கண்டு பாராட்டினார். உடன்பிறந்தோர் சொத்துக்காக வழக்காடும் இந்நாளில், கைக்கு வந்த அரசை அண்ணனின் பாதுகைகளுக்கு உரியதாக்கிய தம்பியை நம் இல்லத்துப் பிள்ளைகள் ஒருமுறையேனும் காண வேண்டும்.

ஆனி, ஆடியில் வரும் வளர்பிறை ஏகாதசி பண்டரிபுரத்தில் பெருவிழா. அந்நாளுக்குரியது எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே திரையரங்கில் வெளியாகி, மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் இது. பாடல்கள் பாபநாசம் சிவன் இயற்றியவை. பெற்றோரைப் புறக்கணித்துத் தாசியின் மோகத்தில் அலைந்த ஒருவன், முனிவரை அவமதித்துக் கால்களை இழந்து, மனம் திருந்தி, தாய் தந்தையரே தெய்வம் என்று உணர்வதே கதை. பெருமாளே வாயிலில் வந்து நின்றபோதும் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையை நிறுத்தாமல், நிற்பதற்கு ஒரு செங்கல்லைக் கொடுத்த புண்டலீகனின் வரலாறே இதற்கு மூலம். படத்தின் முற்பகுதியில் ஹரிதாஸின் தீயொழுக்கம் விரிவாக வருகிறது. ஆகவே இதைச் சிறு குழந்தைகளைவிட வளர்ந்த பிள்ளைகளுடனும், இயன்றால் மகன், மருமகளுடனும் காண்பது ஏற்றது. பார்த்து முடித்தபின் அறிவுரை எதுவும் சொல்ல வேண்டாம். படமே போதிய அளவு சொல்லிவிடும்.

இனி, காணும் முறை பற்றிச் சில சொற்கள். இப்படங்களுட் பல நீண்ட நேரம் ஓடுபவை. ஒரே அமர்வில் பார்த்துக் கண்ணையும் முதுகையும் வருத்திக்கொள்ளாமல், இடைவேளை வரை ஒரு நாளும் எஞ்சியதை மறுநாளும் பார்க்கலாம். இரவு உணவுக்கும் மருந்துக்கும் உரிய வேளை தவறாதபடி மாலையிலேயே தொடங்குங்கள். அறையை முழுதும் இருட்டாக்காமல் ஒரு விளக்கு எரியட்டும். எழுந்து நடக்கும்போது தடுமாற்றம் நேராது. பழைய படங்களில் உரையாடல் தெளிவின்றி ஒலித்தால், ஒலியை மிகுதியாகக் கூட்டுவதைவிட, காட்சியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். கைப்பேசியிலும் யூடியூப்பிலும் கிடைக்கும் பதிவுகள் சில, பாடல்கள் வெட்டப்பட்டவை. இத்தகைய படங்களில் பாடலே உயிர். ஆதலால் முழுமையான பதிவு எது என்று இளையோரிடம் சொல்லித் தேடச் செய்யுங்கள். அந்தத் தேடலே அவர்களை உங்கள் அருகில் அமர்த்தும்.

ஆண்டின் நிறைவாக ஆடி அமாவாசை. அன்று திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா. அதற்கு ‘திருவருட்செல்வர்’ (1967). காஞ்சி மகா சுவாமிகளின் தோற்றத்தை மனத்தில் கொண்டே சிவாஜி கணேசன் அப்பரடிகளின் வேடத்தை அமைத்துக்கொண்டார் என்பர். தளர்ந்த உடலும் தளராத பக்தியுமாக அவர் வரும் காட்சிகளை முதியோர் எவரும் கண் கலங்காமல் காண இயலாது.

படம் முடிந்தபின் பெரியபுராணம் கூறும் கயிலை யாத்திரையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கயிலையைக் காணப் புறப்பட்ட அப்பருக்குப் பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார், மார்பினால் ஊர்ந்தார், அதுவும் இயலாதபோது புரண்டு சென்றார். இறைவன் முனிவர் வடிவில் வந்து அவரைத் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணித்தார். அவர் எழுந்தது சோழ நாட்டில், திருவையாற்றுக் குளத்தில். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. நடக்க இயலாத அடியவரை மேலும் நடக்கச் சொல்லாமல், அவருக்குப் பழகிய ஊரிலேயே காட்சி தந்தவன் ஐயாறப்பன். படியேற இயலவில்லையே என்று வருந்தும் அன்பர்கள் இதை மறவாதிருக்க வேண்டும்.