அம்புலன்ஸ் கடலில் ஓடாது

1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். (வடபுல முஸ்லிம்களான எமக்கு அந்த இலக்கம் வேறொன்றையும் நினைவூட்டும், அது நிற்க.) ஆனால் அந்த வண்டி கடலில் ஓடாது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். காற்றுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை.

தோல் லிம்போமா முற்றிய ஒருவரை அந்தப் படகில் நினைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸிமா போலத்தான் இருக்கும். வருடக்கணக்கில் களிம்பு பூசிக் காலம் போகும். பலர் நெடுநாள் நன்றாகவே வாழ்கிறார்கள். முற்றினால்தான் வேதனை: உடம்பெல்லாம் சிவந்து உரியும், கட்டிகள் உடைந்து நாறும், அரிப்பு இரவில் தூங்க விடாது. இது தொற்றும் நோயல்ல. இருந்தும் நோயாளியின் கோப்பையைத் தனியாக வைக்கும் வீடுகள் உண்டு.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 27 நாட்கள் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. பெரிய காரியம். ஆனால் குணப்படுத்த முடியாத கட்டத்தில் நோயாளிக்குத் தேவை பெரும்பாலும் சிறியவை: தோலை ஈரமாக வைக்கும் களிம்பு, புண்ணில் ஒட்டாத கட்டு, நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல், வலிக்கு மோர்பின். இவற்றை வீட்டிலேயே கொடுக்கலாம். வைத்தியர் அளந்து தரும் மோர்பினைப் போதைப்பொருளாக நினைத்து மறுப்பவர்களிடம் எமது உலமாக்கள் பேச வேண்டும். தோலுரிந்தவர் தண்ணீர் பட்டு வேதனைப்படத் தேவையில்லை, தயம்மும் போதும் என்பதையும் சொல்ல வேண்டும்.

1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறத்தில் அயலவர்களின் வேலையாக மாறியது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு தேடிப் போனார்கள். தாதியர் பின்னால் போனார்கள். 2008இல் கேரள அரசு அதையே கொள்கையாக்கியது. இலங்கையும் 2019இல் தேசியத் திட்டம் வகுத்தது. தாளில் குறையில்லை.

எமது பள்ளிவாசல்களில் சந்தூக்கு உண்டு, கபன் துணி உண்டு, ஜனாஸா என்றால் நள்ளிரவிலும் ஆள் வரும். மௌத்துக்கு முந்திய ஆறு மாதத்துக்கு ஒருவருமில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: ஊர்காவற்றுறையிலிருந்து கிழமைக்கு ஒருநாள் இரு தாதியர், கையில் மருந்துப் பை, தெல்லிப்பழை வைத்தியரின் தொலைபேசி இலக்கம். படகுக் கூலியை நிர்வாகசபைகள் கொடுக்கலாம். நயினாதீவு, நெடுந்தீவில் எந்த வீட்டுக்குப் போனாலும் சரி, அது யாருடைய வீடு என்று கேட்காமல்.