ஒகேனக்கல் = 27 பைட்

மக்களே, ‘ஒகேனக்கல்’ எத்தனை எழுத்து? ஆறு என்பீர்கள். யுனிகோடு புள்ளியையும் கொம்பையும் தனியாக எண்ணி ஒன்பது என்கும். யுடிஎஃப்-8ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27. லினக்ஸ் கெர்னல் கண்ணுக்கு அந்த 27 மட்டும்தான் தெரியும்.

இந்தப் பெயரில் ஒரு ப்ரோகிராமை ஓட்டிப் பாருங்கள். ப்ராசஸ் பெயருக்குக் கெர்னல் ஒதுக்கியிருப்பது 16 பைட். கடைசி பைட் முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு. மீதி 15ல் ‘ஒகேனக’ வரைதான் ஏறும். எர்ரர் எதுவும் வராது. (தர்மபுரி டவுன்காரர்கள் சிரிக்க வேண்டாம், நீங்கள் ‘தர்மப’!)

வெறும் பெயர்ப்பலகைதானே, போகட்டும். ஆனால் ‘வெட்டிவிட்டால் பஃபர் பத்திரம்’ என்று நம் லேபில் சொல்லிக் கொள்கிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்ட்ர்காப்பி ஆபத்து, எல்லாருக்கும் தெரியும். அதற்கு மருந்தாகச் சொல்லப்படும் ஸ்ட்ர்என்காப்பி, பஃபர் நிறைந்துவிட்டால் பூஜ்யமே வைக்காது. பின்னால் படிக்க வருகிறவர் பக்கத்து மெமரிக்குள் நடந்து போவார். சாதாரண ப்ரோகிராம் என்றால் அது மட்டும் சாகும். கெர்னலில் மெஷினே படுத்துவிடும், அல்லது ரகசியம் வெளியே கசியும். ஸ்ட்ர்எல்காப்பி பூஜ்யம் வைக்கும், ஆனால் நீளம் சொல்வதற்காக மூலத்தைக் கடைசி வரை படிக்கும். மூலத்தில் பூஜ்யம் இல்லாவிட்டால் மறுபடி அதே கதை. 2015ல் 4.3 கெர்னலில் ஸ்ட்ர்எஸ்காப்பி வந்தது. கொள்ளும் அளவு எடுக்கும், பூஜ்யம் வைக்கும், வெட்டியிருந்தால் எர்ரர் எண் திருப்பித் தரும். 2024ல் 6.8 கெர்னலில் ஸ்ட்ர்எல்காப்பியைத் தூக்கியே விட்டார்கள்.

அந்த எர்ரர் எண்ணை யாரும் பார்க்காவிட்டால்? பாதிப் பாதுகாப்புதான். ஃபைல் பெயரில் கெர்னல் செய்வதைப் பாருங்கள். 255 பைட்டைத் தாண்டினால் (தமிழில் 85 குறியீடு) ‘பெயர் நீளம்’ என்று திருப்பி அனுப்பிவிடும், வெட்டாது. வெட்டிய பெயர் இன்னொரு ஃபைலின் பெயராக இருந்து, அதை நீங்கள் அழித்துவிட்டால் என்ன ஆகும்? பரிசலில் இடமில்லை என்றால் நம்ம ஊர் பரிசல்காரர் ‘அடுத்ததில் வாங்க’ என்பார். காலை வெட்டிவிட்டு ஏற்ற மாட்டார்.

கெர்னல் தமிழ் இலக்கணம் படிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பைட்டை எண்ணட்டும், கொள்ளாததை மறுக்கட்டும், போதும். டெர்மினல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எழுத்தறிவு தேவைப்பட்டது: 2004ல் 2.6.4 கெர்னலில் யுடிஎஃப்-8 கொடி வரும்வரை, ஒரு பேக்ஸ்பேஸ் ‘க’வின் மூன்றில் ஒரு பைட்டை மட்டும் அழித்துவிட்டு மீதி இரண்டையும் இன்புட் பஃபரில் விட்டுவைக்கும்.

அடுத்த முறை டிரைவர் எழுதி டெஸ்ட் செய்யும்போது ‘ஏபிசி’ கொடுக்காதீர்கள். ‘ஒகேனக்கல்’ கொடுங்கள். 32 பைட் பஃபரில் இரண்டு தடவை.