கைப்பைக்குள் துப்பாக்கி காப்பாற்றுமா?

வேப்பம்பட்டில் குடியிருக்கும் ஒரு பெரியவர் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் மடித்து மடித்து நைந்துபோன பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது. "தம்பி, இதைப் பார்த்துச் சொல்லுங்கள். மருமகளுக்கு இதற்கு லைசென்ஸ் கேட்கலாமா?" என்றார்.

அவருடைய மருமகள் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். இரண்டாவது ஷிப்டு முடிந்தால், இரவு பத்து மணிக்கு மேல்தான் வேப்பம்பட்டில் ரயிலை விட்டு இறங்க முடியும். வீடு ஒரு கிலோமீட்டருக்கு மேல். மகன் வெளியூரில். சென்ற மாதம் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் இருவர் தெருமுனை வரையில் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் யாருக்கும் சரியான தூக்கமில்லை.

பத்திரிகைத் துண்டில் இருந்தது 'நிர்பீக்' என்ற சிறு ரிவால்வரின் படம். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களின் தற்காப்புக்கு என்று 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்டது அது. .32 அளவுத் தோட்டா. டைட்டானியம் கலந்த உலோகம். எடை அரை கிலோ. அன்றைய விலை ரூ.1,22,360. அதை மெரூன் நிற நகைப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். பெண்களுக்கு நகை பிடிக்கும் என்பது காரணமாம்! 2016-ல் இஷாப்பூர் தொழிற்சாலை 'நிடர்' என்று இன்னொன்றைக் கொண்டுவந்தது. அது .22 அளவு, எடை கால் கிலோதான்.

இலேசாக இருக்கிறது, கைப்பையில் அடங்குகிறது, ஆகவே பெண்களுக்கு ஏற்றது என்று விளம்பரம் சொல்லிற்று. பெரியவரும் அதைத்தான் நம்பினார். இலேசாக இருப்பதுதான் இதில் தொல்லையே என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

துப்பாக்கியும் ஓடமும்

பழவேற்காட்டில் படகிலிருந்து கரைக்குத் தாவியவர்களுக்கு ஒன்று தெரியும். நாம் முன்னே தாவினால் படகு பின்னே போகும். பெரிய படகு கொஞ்சம் அசையும். சின்ன ஓடமாக இருந்தால் காலுக்கடியிலிருந்து வழுக்கி ஓடிவிடும். தாவியவர் தண்ணீரில் விழுவார். துப்பாக்கியும் இப்படித்தான். குண்டு முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே உதைக்கிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். நிர்பீக்கில் போடுகிற வகைத் தோட்டாவின் குண்டு 6 கிராமுக்குச் சற்று அதிகம். குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 200 மீட்டர். அரை கிலோ துப்பாக்கி அப்போது வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் கையை நோக்கித் திரும்பும். வெடிமருந்துப் புகையின் உந்தலையும் சேர்த்தால் இன்னும் கூடும். அதே தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் இந்த வேகம் பாதியாகிவிடும். கை வாங்கும் உதையும் பாதிதான். இலேசான துப்பாக்கி சுமப்பதற்கு நல்லது, சுடுவதற்கு அல்ல. கால் கிலோ நிடரில் குண்டு சிறியதுதான். ஆனாலும் துப்பாக்கியின் எடையும் பாதியாகிவிட்டதால், அது பின்னே வரும் வேகம் குறைந்துவிடுவதில்லை.

உதை நேர் பின்னாலும் வருவதில்லை. குழல் மேலே இருக்கிறது, பிடித்த கை கீழே இருக்கிறது. ஆகவே துப்பாக்கியின் மூக்கு மேல் நோக்கித் துள்ளும். பெரிய துப்பாக்கியின் பிடியில் மூன்று விரலும் படியும். சின்னதில் இரண்டு விரல் பிடித்தால், சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். முதல் குண்டு போன பிறகு குறியைத் திரும்ப இறக்கிக் கொண்டுவருவதற்குள், எதிரே நின்றவன் இரண்டு அடி நகர்ந்திருப்பான்.

இந்தப் பத்திரிகைக்காரனுக்கும் இதில் கொஞ்சம் அனுபவம் உண்டு. கல்லூரியில் என்.சி.சி.யில் தரையில் படுத்து .22 ரைபிள் சுட்டபோது உதையே தெரியவில்லை. துப்பாக்கி என்றால் இவ்வளவுதானா என்று நினைத்தோம். பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு பயிற்சித் தளத்தில் சின்ன .32 பிஸ்டல் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். முதல் வெடிக்கே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் சுரீரென்றது. கையை மிக உயரத்தில் வைத்துப் பிடித்துவிட்டோம். பின்னோக்கி ஓடிய மேல்பாகம் தோலைச் சீவிவிட்டது. காகிதப் பலகை ஐந்து மீட்டரில்தான் இருந்தது. ஆறு குண்டுகளில் இரண்டுதான் பட்டன. அவையும் கீழ் ஓரத்தில்!

கீழே போனதற்குக் காரணம் உதை அல்ல, உதையைப் பற்றிய பயம். சத்தத்தையும் அடியையும் எதிர்பார்த்து, விசையை இழுக்கும் கணத்திலேயே மணிக்கட்டு தானாகக் கீழே அழுந்துகிறது. பயிற்சியாளர் நமக்குத் தெரியாமல் வெடிக்காத போலித் தோட்டா ஒன்றை நடுவில் சேர்த்துவைத்தார். விசையை இழுத்தோம். வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கி தலைகுனிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது.

பிஸ்டலுக்கு இன்னொரு குணம் உண்டு. இந்தச் சிறு பிஸ்டல்களில் மேல்பாகத்தை நிறுத்தி வைப்பவை அதன் எடையும் ஒரு வில்லுமே. வெடித்ததும் அது பின்னே ஓடி, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் முழுத் தூரம் ஓடாது. தோட்டா நடுவில் சிக்கிக்கொள்ளும். நடுங்கும் கையில்தான் இது அதிகம் நடக்கும். ரிவால்வரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் குதிரையைக் கையால் பின்னிழுக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுட, சாதாரணமாக நாலைந்து கிலோ பலம் வேண்டும். அரை கிலோ பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரே விரலால் ஐந்து கிலோவை இழுக்க வேண்டும்!

மணியாச்சியில் என்ன நடந்தது?

சரித்திரத்தில் பேர் பெற்ற சிறு துப்பாக்கிகள் எல்லாம் எவ்வளவு தூரத்தில் வெடித்தன என்று பாருங்கள். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். ரயில் பெட்டிக்குள், எதிரெதிரே. அதற்கும் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் அவர் பயிற்சி பெற்றார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1914-ல் சாரயேவோவில் முதல் உலக யுத்தத்துக்குத் திரி வைத்ததும் பிரௌனிங் பிஸ்டல்தான். 1948 ஜனவரி 30-ல் காந்தியடிகளின் மார்பில் பாய்ந்த குண்டுகள் இத்தாலிய பெரெட்டாவிலிருந்து வந்தவை. அதுவும் பையில் அடங்கும் ஆயுதமே. எல்லாம் சில அடி தூரத்தில் நடந்தவை. எல்லாவற்றிலும் சுட்டவன் தயாராக வந்தான். சுடப்பட்டவர் ஒன்றும் அறியார்.

இருட்டில் நடக்கும் பெண்ணின் நிலை நேர்மாறானது. தயாராக வருபவன் எதிரி. அவர் கைப்பையைத் திறந்து, சாவிக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் அடியில் தேடி எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிடுங்கிக்கொண்டானானால் ஆயுதமும் அவன் கையில்.

அவ்வளவு கிட்டத்தில் சுட்டாலும் நினைத்தபடி நடப்பதில்லை. 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டபோது இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். காதருகே பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கிவிட்டது. பிறகு தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட ராதாவும் பிழைத்தார். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழைய குரலாகத் திரும்பவில்லை.

வீட்டில் வைத்தால்

லைசென்ஸ் வாங்குவதும் சுலபமல்ல. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி கலெக்டரிடமோ போலீஸ் கமிஷனரிடமோ மனுப் போட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும். 9 மி.மீ., .38 போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. ஆகவேதான் எல்லோரும் .32-ஐத் தேடுகிறார்கள். 2016-ம் வருஷத்து விதிகள் பாதுகாப்புப் பயிற்சியையும் கேட்கின்றன. நல்ல விதி. ஆனால் ஒரு தடவை சான்றிதழ் வாங்குவது பழக்கம் ஆகிவிடாது. மாதா மாதம் சுட்டால்தான் கை படியும். தோட்டாவுக்கோ விலையும் உண்டு, கணக்கும் உண்டு. அதனால் பெரும்பாலோர் வாங்கிய அன்று தொட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். தேர்தல் வந்தால் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்போதுதான் மறுபடி வெளியே வருகிறது.

அலமாரியில் தூங்குவதைக் குழந்தைகள் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்களே ஏமாறும் இடமும் ஒன்று இருக்கிறது. பிஸ்டலின் அடியில் உள்ள தோட்டாக் கூட்டை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிறார்கள். குழலின் வாயில் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். மேல்பாகத்தை இழுத்து, கண்ணால் பார்த்தாலொழிய காலி என்று நம்பக் கூடாது. பார்த்த பிறகும் யாரையும் நோக்கி நீட்டக் கூடாது. சுடும் கணம் வரையில் விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். சின்னது என்பதால் பொம்மைபோல் தோன்றுவதுதான் இதன் பெரிய அபாயம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது?" என்று பெரியவர் சற்றுக் கோபமாகவே கேட்டார். கோபம் நியாயமானது. அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றேகால் லட்சத்துக்குத் தைரியத்தை விற்கப் புறப்பட்டது. கடைசி ரயில்கள் வரும் நேரத்தில் நிலையத்திலிருந்து தெரு வரையில் வெளிச்சமும் ரோந்தும் கொடுக்கலாமே. வேப்பம்பட்டு, மேம்பாலம் பல வருஷமாக முடியாமல் நின்ற ஊர். 2023 நவம்பரில் அங்கே தண்டவாளத்தைக் கடக்கும்போது ஒரு தந்தையும் இரண்டு மகள்களும் ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கு ஆபத்து எங்கெங்கே இருக்கிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. இரண்டாவது ஷிப்டுக்குப் பெண்களை வைத்துக்கொள்ளும் ஆலைகள், அவர்களை வீட்டு வாசல் வரையில் வண்டியில் கொண்டுவிட வேண்டும் என்று கேட்பதும் பேராசை அல்ல. ரயிலில் 139, வெளியே 112, பெண்களுக்கு 181 என்று எண்கள் இருக்கின்றன. அழைத்தால் எத்தனை நிமிஷத்தில் ஆள் வருகிறது என்பதை மாவட்ட நிர்வாகம் ஒரு முறை இரவு பதினோரு மணிக்குத் தானே அழைத்துப் பார்க்கட்டும்.

பெரியவர் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து நிலையத்தில் சந்தித்தோம். கையில் டார்ச் விளக்குடன் மருமகளின் ரயிலுக்காகக் காத்திருந்தார். "அவளிடம் எல்லாம் சொன்னேன் தம்பி. 'மாமா, அந்தப் பணத்துக்கு எனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரலாமே' என்கிறாள்" என்றார்.