மாதிரி காசோலை

நாலடி நீளம் இருக்கும் அந்த அட்டை. ஐந்நூறு வெள்ளி என்று எண்ணிலும் எழுத்திலும் அச்சடித்திருந்தார்கள். ஒரு முனையை ஒரு பிரமுகர் பிடித்திருந்தார். மறுமுனையில் எங்கள் ஊர்ப் பெண், பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு. “கொஞ்சம் சிரிம்மா” என்று படம் பிடிப்பவர் மூன்று முறை சொன்னார். பண்டார் தெங்காராவில் தீபாவளிக்கு முன் நடந்த ஓர் அன்பளிப்பு நிகழ்ச்சி. நாற்காலி அடுக்கப் போனவன் நான். கூட்டம் கலைந்ததும் ஏற்பாட்டாளரிடம், “இந்த அட்டைய அடிக்க எவ்ளோ ஆச்சுண்ணே?” என்று கேட்டேன். “எம்பது வெள்ளி” என்றார். அந்தக் கேள்வி அவரை எந்த விதத்திலும் உறுத்தவில்லை.

அந்தப் பெண்ணுக்கு உண்மையில் தேவைப்பட்டது நூற்றெண்பது வெள்ளி. அதுவும் பருவம் தொடங்கிய மூன்றாம் வாரத்தில். செம்பனைக் குலை காலில் விழுந்து அப்பா வேலைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து பணம் வரவில்லை. விண்ணப்பம் போட்டாள். அப்பாவின் சம்பளச் சீட்டு, எஸ்.பி.எம். சான்றிதழ், உள்ளூர்த் தலைவர் ஒருவரின் கையொப்பம், ‘குடும்பச் சூழலை விளக்கும் கடிதம்’ எல்லாம் கேட்டார்கள். வேலைக்குப் போகாதவருக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? ஒருவழியாக எல்லாம் சேர்ந்து, கமிட்டி கூடி, மேடை கிடைப்பதற்குள் பருவத்தில் பாதி போய்விட்டது. நடுவில் அவளுக்குச் சோறு போட்டது விடுதி கேண்டீன் நடத்தும் மலாய்க்கார மக்சிக். மூன்று வாரம். “பிறகு கொடு” என்பதைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நான் பார்த்ததிலேயே சிறந்த அவசர உதவித் திட்டம் அந்த மக்சிக்குடையதுதான். பாரம் இல்லை, தேர்வுக்குழு இல்லை, புகைப்படக்காரர் இல்லை.

பண்டார் தெங்காரா தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1972இல் அமைந்த கெஜோரா என்ற தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியத்தின் வட்டாரத்தில் உருவான சிற்றூர். நாலு பக்கமும் செம்பனை. ஸ்கூடாயில் இருக்கும் யு.டி.எம். பக்கம்தான். ஆனால் இடம் பெர்லிஸில் கிடைத்தால் பெர்லிஸுக்குத்தான் போக வேண்டும். 2025 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் லார்க்கினிலிருந்து வடக்கே போகும் ஒரு பேருந்துச் சீட்டு எத்தனை நாள் மளிகை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். 1997இல் வந்த பி.டி.பி.டி.என். கடன் இல்லையென்றால் என் தலைமுறையில் பாதிப் பேர் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டோம். கடன் கைக்கு வருவதற்கு முன் வரும் வெற்று நாள்களுக்காகவே, பொதுப் பல்கலைக்கழகத்தில் சேரும் வசதி குறைந்தவர்களுக்கு 1,500 வெள்ளி முன்பணமும் உண்டு. நல்ல யோசனை. பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், வாளி, தலையணை என்று அது முதல் வாரத்திலேயே கரைந்துவிடும். கஷ்டம் பதிவு நாளன்றே வந்துவிட்டுப் போவதில்லை. ஒன்பதாம் வாரத்தில் மடிக்கணினி செத்துப்போகும். பதினோராம் வாரத்தில் பாட்டி செத்துப்போவார். அதற்குத் திட்டம் எது?

இங்கே நம் ஆள்கள் உடனே ஒரு பெருமூச்சு விடுவார்கள். “அவங்களுக்கு ஸகாட் இருக்கு, நமக்கு என்னா இருக்கு?” இந்தப் பெருமூச்சை இருபது வருஷமாகக் கேட்கிறேன். பல்கலைக்கழகங்களில் ஸகாட் பிரிவு இருப்பதும், முஸ்லிம் மாணவர்களுக்கு அவசரத்தில் அது கைகொடுப்பதும் உண்மை. பொறாமைப்படுகிற நேரத்தில் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கலாம். பெறத் தகுதியுள்ளவர்கள் எட்டு வகையினர் என்று வரையறுத்திருக்கிறார்கள். கடனில் மூழ்கியவரும் வழிப்போக்கரும் அதில் உண்டு. முக்கியமாக, அது கொடுப்பவரின் கருணை அல்ல, பெறுபவரின் பங்கு. நம் மேடைகளில் இல்லாதது பணமல்ல, இந்த ஒரு எண்ணம்தான். நாம் கொடுப்பது ‘உதவி’. உதவி வாங்கினால் சிரிக்க வேண்டும், கும்பிட வேண்டும், மறுநாள் பத்திரிகையில் வர வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் நேராக அவள் வங்கிக் கணக்கில் விழுகிறது. ஒவ்வொரு மாதமும் எவர் முன்னாலும் போய் நிற்க வேண்டியதில்லை.

“ஏமாத்திட்டாங்கன்னா?” அடுத்த கேள்வி எப்போதும் இதுதான். ஏமாற்றுவார்கள். பத்துப் பேரில் ஒருவர் ஏமாற்றினால் இருநூறு வெள்ளி நஷ்டம். அந்த ஒருவரைத் தடுக்க மற்ற ஒன்பது பேரையும் இரண்டு மாதம் காக்க வைப்பதன் விலை என்ன? அதை எந்தக் கமிட்டியும் கணக்கில் எழுதுவதில்லை. ஏனென்றால் அந்த விலையைக் கட்டுவது கமிட்டி இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் சாரா கோல்ட்ரிக்-ராப் தொடங்கிய ‘ஃபாஸ்ட் ஃபண்ட்’ இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாக்கியது. மாணவர் சொல்வதை நம்பு, பணத்தை ஆசிரியர் கையில் கொடுத்து வை, அவர் தாமதமில்லாமல் கொடுக்கட்டும். அவ்வளவுதான் திட்டமே.

இதையெல்லாம் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய சமூகமா நாம்? 1950களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று கோ. சாரங்கபாணி கேட்டபோது மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தவர்களில் தோட்டத் தொழிலாளிகள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் அந்தப் பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்திருப்பார்கள்? 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பத்து பத்து வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் தோட்டமே வாங்கியது. லயத்துப் பெண்கள் கட்டிய கூட்டு இருக்கிறது. 1971இல் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள், மோசடிகளைப் பார்த்தால் காரணமில்லாமல் இல்லை. ஆனாலும் ‘இந்த மாசம் அவ எடுத்துக்கட்டும், அவ மகளுக்குத் தேவை’ என்று வரிசையை மாற்றிக்கொடுத்த அந்தப் பெண்களின் கணக்கில் ஓர் அறிவு இருந்தது. அதைத் தொலைத்துவிட்டு அட்டை அடிக்கக் கற்றுக்கொண்டோம்.

எழுதுகிற, வாசிக்கிற நாமும் யோக்கியமில்லை. தோட்டத்து அம்மாவின் கைக்காய்ப்பைப் பற்றி எத்தனை கவிதை! நம் நூல் வெளியீடுகளில் முதல் நூல் வாங்கும் டத்தோ நீட்டும் உறை, ஆளுக்கொரு பொன்னாடை, மாலை, கடைசியில் மீகூன். ஒரு பொன்னாடையின் விலை ஒரு மாணவனின் இரண்டு நாள் சாப்பாடு. போர்த்தி முடித்ததும் அதைக் காருக்குப் பின்சீட்டில் எறிகிறோம். என் வீட்டில் ஒன்பது இருக்கின்றன. ஒன்றில் தேய்ப்புப் பெட்டியை வைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஏழு பேர் சேர்ந்து ஒன்று ஆரம்பித்தோம். அமைப்பு இல்லை, பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் தலைவர் வருவார், தலைவர் வந்தால் மேடை வரும். மாதம் ஆளுக்கு இருபது வெள்ளி. தெரிந்த மாணவர் கேட்டால் அல்லது அவரைத் தெரிந்த ஆசிரியர் சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவோம், இருநூறு வரை. காரணம் கேட்பதில்லை. திரும்பக் கொடு என்றும் சொல்வதில்லை. இதுவரை பதினான்கு பேருக்குப் போயிருக்கிறது. ஒருவன் எங்களை நன்றாகவே ஏமாற்றினான். புதுக் காலணி படத்தை அவனே இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான். எங்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினார். “அடுத்த தடவையிலேர்ந்து ரசீது கேப்போம்” என்று இன்னொருவர் இழுத்தார். ஒரு இரவு முழுக்க வாட்ஸ்அப்பில் சண்டை. கேட்பதில்லை என்று மூன்றுக்கு மூன்று, குலுக்கிப்போட்டுத்தான் முடிவானது. இதற்கு மேல் பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை. இதனால் அரசாங்கத்தின் பொறுப்பும் தீர்ந்துவிடாது. அவசர நிதியைப் பல்கலைக்கழகமே மதம் பார்க்காமல் அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்பது தனிச் சண்டை, அதையும் போட வேண்டும்.

மேடையில் சிரிக்கச் சொன்னார்களே, அந்தப் பெண் விலகியவரின் இடத்தில் சேர்ந்திருக்கிறாள். இருபது முடியாது, ஐந்து என்றாள். இந்த மாதக் கையிருப்பு நூற்று அறுபத்தைந்து வெள்ளி.