திடல் யாருடையது

"சித்தப்பா, பதினாறு வயசுப் பெடியன் ஒருத்தன் ஒரே நாளில மூண்டு மில்லியன் டொலர் வெண்டவன், தெரியுமே?"

போன ஞாயிற்றுக்கிழமை, கிளிநொச்சியில் என் தமையன் வீட்டு விறாந்தையில் இருந்தபோது பெறாமகன் கேட்டான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். கையில் திரை வெடித்த போன், அதில் ஃப்ரீ ஃபயர். விலை குறைந்த போனிலும் ஓடுகிற ஆட்டம் என்பதால் எங்கள் பக்கத்துப் பெடியள் அநேகம் பேரிடம் அதுதான் இருக்கிறது.

அவன் சொன்னது உண்மை. 2019 ஜூலையில் நியூயோர்க்கின் ஆர்தர் ஆஷ் டென்னிஸ் அரங்கில் ஃபோர்ட்நைட் உலகக்கிண்ணம் நடந்தது. தனியாள் போட்டியில் வென்ற கைல் ஜியர்ஸ்டோர்ஃப்புக்கு அப்போது 16 வயது. மொத்தப் பரிசுத்தொகை 30 மில்லியன் டொலர். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் கடைசி ஆளுக்கே 50,000 டொலர் கிடைத்தது. பரிசுக் காசைப் போட்டது ஆட்டத்தைச் செய்த எபிக் கேம்ஸ் கொம்பனி. முதல் பருவத்துப் போட்டிகளுக்கு 100 மில்லியன் டொலர் தருவோம் என்று 2018 மே மாதமே அறிவித்திருந்தார்கள்.

தமையன் பக்கத்தில் இருந்து முறைத்தார். "உதைக் கேட்டுக் கேட்டுத்தான் உவன் படிக்கிறேல்ல." எனக்கு ஏச மனம் வரவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஆள் மாறி ஆள் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ பாடவைத்து 1996 உலகக்கிண்ண இறுதியாட்டத்தைக் கேட்டவர்கள் நாங்கள். லாகூரில் அரவிந்த டி சில்வா அடித்த ஒவ்வொரு ஓட்டமும் எங்கள் கைவலியோடு வந்து சேர்ந்தது. தூரத்தில் எங்கோ நடக்கிற விளையாட்டில் உயிரை வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

ஆனால் அந்த மூன்று மில்லியன் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குச் சொல்லவேண்டும் என்று பட்டது. அதற்கு டோட்டா 2 என்ற ஆட்டத்தின் கதை நல்ல உதாரணம். வால்வ் என்ற அமெரிக்கக் கொம்பனியின் ஆட்டம் அது. 2011இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 'தி இன்டர்நேஷனல்' என்ற போட்டியை முதன்முதலாக நடத்தியபோது 1.6 மில்லியன் டொலரைக் கொம்பனி தன் கையால் போட்டது. 2013இல் வழியை மாற்றினார்கள். ஆட்டக்காரர்கள் போட்டியை ஒட்டிய ஒரு டிஜிட்டல் மலரை வாங்கலாம். அந்தக் காசில் நாலில் ஒரு பங்கு பரிசோடு சேரும். அதன் பிறகு தொகை வருடா வருடம் ஏறிக்கொண்டே போனது. 2021இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த போட்டிக்கு 40 மில்லியன் டொலர் சேர்ந்தது. வென்ற டீம் ஸ்பிரிட் அணி மட்டும் 18 மில்லியனுக்கு மேல் கொண்டுபோனது.

ஒரு கொப்பித்தாளில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். கொம்பனி வைத்த 1.6ஐக் கழித்தால் மிச்சம் 38 மில்லியன் சொச்சம். அது நாலில் ஒரு பங்கு. அப்படியென்றால் மற்ற மூன்று பங்கு 115 மில்லியனுக்குக் கிட்ட. அது யாரிடம் போனது?

"கொம்பனியிட்ட" என்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. கொமினிக்கேசன் கடையில் காசு கட்டி ஃப்ரீ ஃபயர் ஆட்டத்துக்கு டயமண்ட் ஏற்றுகிறவன் அவன். அந்தக் காசும் அப்படியான ஒரு கொம்பனிக்குத்தான் போகிறது.

எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளை நினைத்துப் பார்த்தேன். கரப்பந்தாட்டம் என்றால் அணிக்கு இவ்வளவு என்று பதிவுக்கட்டணம். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற ஒருவர் தகப்பன் நினைவாக ஞாபகார்த்தக் கிண்ணம் வைப்பார். ஒருவர் ஜெனரேட்டர் தருவார், ஒருவர் தேத்தண்ணிச் செலவை ஏற்பார். சேர்ந்த காசு பரிசுக்கும் வெளிச்சத்துக்கும் போய், மிஞ்சினால் கழகத்துக்கு ஒரு வலை வாங்குவார்கள். கரப்பந்தாட்டத்துக்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. ஆறு பேர் ஆடுவதா, ஊர் வழக்கத்தில் ஓவர் கேமா என்று நாங்களே தீர்மானிப்போம். கிளித்தட்டு இன்னும் சுலபம். சாம்பலால் கோடு கீறினால் ஆட்டம் வந்துவிடும். கிளி எந்தக் கோடுகளில் ஓடலாம் என்பதை எங்களைக் கேளாமல் மாற்ற உலகத்தில் ஒருவருக்கும் உரித்து இல்லை.

இந்தப் புது விளையாட்டுகளில் பந்தும் கொம்பனியுடையது, திடலும் கொம்பனியுடையது, விதியும் கொம்பனியுடையது. 2018 டிசம்பரில் பிளிசார்ட் கொம்பனி 'ஹீரோஸ் ஒஃப் த ஸ்டோம்' ஆட்டத்தின் உலகப் போட்டியை அடுத்த வருடம் நடத்தப்போவதில்லை என்று அறிவித்தது. அதையே தொழிலாக நம்பி இருந்த ஆட்டக்காரர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும் செய்தி ஊரோடு ஊராகத்தான் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் இது அரசாங்கத்தின் கையால் நடந்தது. 2020 செப்டெம்பரில் பப்ஜி மொபைல், 2022 பெப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்று தடை வந்தபோது, அதுவரை அணி கட்டிப் பழகியவர்கள் இருந்த இடத்திலேயே நின்றுபோனார்கள். டோட்டாவிலும் அந்தப் பெரிய விற்பனைமுறையை வால்வ் கைவிட்டதும், 2023 போட்டியின் மொத்தப் பரிசு 3 மில்லியன் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த முறையும் வென்றது அதே டீம் ஸ்பிரிட். திறமை குறையவில்லை, கொடுக்கிறவரின் கணக்கு மாறிவிட்டது.

இதையெல்லாம் சொல்லி அவனைத் தடுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வன்னியில் ஓடி விளையாட முடியாத உடம்போடு வாழ்கிற இளையவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும். ஷெல் கொண்டுபோன காலை இந்தத் திடல் கேட்பதில்லை. அதற்காகவே இதை நான் மதிக்கிறேன். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். கொழும்பில் கேமர்.எல்கே போன்றவர்கள் கனகாலமாகப் போட்டிகள் நடத்துகிறார்கள். ஆனால் முல்லைத்தீவுப் பெடியன் ஒருவன் அந்த வாசலுக்குப் போவதென்றால் பஸ் காசும் தங்க இடமும் வேண்டும். வீட்டிலிருந்து ஆடினால் சர்வர் கடல் கடந்து இருக்கிறது. அவன் சுடுவதற்குள் எதிராளி சுட்டுவிடுவான். "லாக் அடிக்குது" என்று போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடப்பான். நாற்பது மில்லியன் பேர் முயன்று நூறு பேர் ஏறிய மேடை அந்த நியூயோர்க் மேடை. அந்த வரிசையில் இவன் எங்கே நிற்கிறான் என்பதை, ஆசை காட்டுகிற விளம்பரம் ஒன்றும் சொல்லாது.

பிரதேச சபைகளும் நூலகங்களும் நல்ல இணைப்போடு ஒரு அறை திறந்துவிட்டால் என்ன என்று முன்பும் கேட்டிருக்கிறேன். இப்போதும் கேட்கிறேன். நாலு பிள்ளைகள் ஆட வந்தால் அதில் ஒருத்தி ஆட்டம் செய்யப் பழகிக்கொண்டு போவாள்.

வெளிக்கிடும்போது பெறாமகன் வாசல்வரை வந்தான். சனசமூக நிலையத்தில் எட்டு அணி வைத்து ஒரு போட்டி நடத்தப் போகிறார்களாம். அணிக்கு ஐந்நூறு ரூபா.

"முழுக்காசும் பரிசுக்கே போகுது, சித்தப்பா."

"கொம்பனியிட்டக் கேட்டனீங்களே? காசுக்குப் போட்டி வைக்கிறதுக்கு அவங்கள் விதி வைச்சிருப்பாங்கள்."

அவன் அதை யோசித்திருக்கவில்லை. போனில் தேடத் தொடங்கினான். தேடிக்கொண்டே, "உங்கட வீட்டில நீளமான எக்ஸ்ரென்சன் வயர் இருக்கெல்லே, சனிக்கிழமை தருவீங்களே?" என்று கேட்டான்.

நேற்றுப் பரணில் ஏறி எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பிளக் தளர்ந்துபோய்க் கிடக்கிறது. சனிக்கு முன் மாற்றவேண்டும்.