ஐப்பசியில் எதைக் கொண்டாடுவோம்?

குழந்தையின் கேள்வி சிறியதாயிருக்கலாம். அதனுள் பெரியதோர் உண்மை ஒளிந்திருப்பதுண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் நான்கு வயதுத் தங்கை, ஐப்பசி மாத மாலை ஒன்றில் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, “அக்கா, நம்ம ஊருக்கு ஆட்டம் எப்பம் வரும்?” என்று கேட்டாளாம். ஏதோ விளையாட்டைக் கேட்கிறாள் என்றே வீட்டில் எல்லாரும் எண்ணினர். அவள் கேட்டதோ, ஆங்கிலப் பாடத்தில் வரும் ‘ஆட்டம்’ என்னும் இலையுதிர் காலத்தை!

அவள் பயிலும் மழலையர் பள்ளியில் அன்று அந்தப் பருவத்தைக் கொண்டாடினார்களாம். சிவப்புக் காகிதத்தில் இலைகளை வெட்டி ஒட்டினார்கள். பிறகு படம் வரையச் சொன்னபோது, இவள் ஒரு குடையையும், செந்நிற வெள்ளத்தையும், அதில் பாதி மூழ்கி நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலையும் வரைந்துவிட்டாள். ‘தவறு’ என்று அதன்மேல் பெருக்கல் குறி விழுந்தது. மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் பணிவோடு கூறுகிறோம்: அந்தப் படம் தவறன்று, அவள் கண்ட ஐப்பசியை அவள் வரைந்தாள்.

பெர்லின் நகரில் கோடையின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 17 மணி நேரம். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலோ 8 மணி நேரத்துக்கும் குறைவு. பகல் குறுகிக் குளிர் வரவே, இலையின் பச்சையம் சிதைகிறது, மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது, இலை உதிர்கிறது. நம் நெல்லையிலோ நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு சுமார் ஒரு மணி நேரமே. இங்கு வேம்பு இலையுதிர்ப்பது மாசி வாக்கில். ஐப்பசியில் உதிர்வது இலையன்று, மழை!

எல்.கே.ஜி. என்று நாம் நாள்தோறும் சொல்கிறோமே, அதிலுள்ள ‘கிண்டர்கார்ட்டன்’ ஒரு ஜெர்மன் சொல். ‘குழந்தைத் தோட்டம்’ என்று பொருள். 1837-இல் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்க்கான பள்ளியைத் தொடங்கிய பிரெடரிக் ஃபிரோபெல், 1840-இல் இப்பெயரைச் சூட்டினார். இன்று அந்நாட்டின் இருமொழி மழலையர் பள்ளிகள் பலவற்றில் ஓர் ஆசிரியை ஜெர்மனிலும் மற்றொருவர் வேறொரு மொழியிலும் குழந்தைகளோடு பேசுகின்றனர். இலையுதிர் காலம் வந்ததும், வெளியே விழுந்து கிடக்கும் கொட்டைகளையும் இலைகளையும் பொறுக்கி வந்து பொம்மை செய்கின்றனர். நவம்பர் 11-இல் புனித மார்ட்டின் திருநாள். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையைப் பாதியாக வெட்டித் தந்த அப்புனிதரை நினைத்து, தாங்களே செய்த காகித விளக்குகளை ஏந்தி ஊர்வலம் போகின்றனர். பொருள் ஒன்று கையில். பெயர் இரண்டு நாவில். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இந்த வழியையே. அவர்களுடைய இலையை அன்று.

நம் மழலையர் பொறுக்குவதற்கு இங்கு ஒன்றுமில்லையா? பனம்பழம் விழுகிறதே! புரட்டாசியில் பனங்கொட்டைகளைப் பள்ளித் தோட்டத்து மண்ணில் புதைக்கட்டும். பொங்கலுக்குக் கிழங்காகத் தோண்டி எடுக்கட்டும். கார் அறுவடை முடிந்து பிசானத்துக்கு நாற்றுப் பாவும் வயலை வரப்பில் நின்று பார்க்கட்டும். மழை நின்றதும் ஈசலையும் மரவட்டையையும் எண்ணட்டும். கார்த்திகை வந்தால் அகல் விளக்கு, ஓலைக் கொழுக்கட்டை, சொக்கப்பனை. விளக்கேந்தும் ஜெர்மன் குழந்தைக்கு நம் குழந்தை எவ்வகையில் குறைந்தது?

இதனால் ஆங்கிலம் குன்றிவிடும் எனப் பெற்றோர் அஞ்ச வேண்டாம். தூறல், சாரல், தூவானம், அடைமழை என்று வேறுபடுத்தி அறிந்த குழந்தைக்கு ‘ரெயின்’ என்ற சொல் ஒரே நாளில் வந்துவிடும். நனைந்து அறிந்ததற்கு இன்னொரு பெயர் கற்பது எளிது; காணாத ஒன்றின் பெயரைக் காணாத மொழியில் கற்பது கிளிப்பிள்ளைப் பாடம்.

‘ஆட்டம்’ பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தூரதேசத்துக் கதையாகச் சொல்வோம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்திற்கு மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வருகின்றன. அங்கே குளிர் வந்துவிட்டது என்ற செய்தியைச் சிறகில் சுமந்து வருபவை அவையே. அவற்றைக் காட்டி உலகப் படத்தை விரித்தால், பாடம் தானே நடக்கும்.

இது வெறும் விழாவைப் பற்றிய பேச்சன்று. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து வீதிகளில் புகுந்ததை நாம் மறக்கவில்லை. ஆற்றோரம் வாழும் குழந்தை, தன் ஊரின் மழையையும் ஆற்றின் குணத்தையும் அறிந்து வளர வேண்டாமா? எப்போது மகிழ வேண்டும், எப்போது கரையை விட்டு விலக வேண்டும் என்பதும் கல்வியே.

ஆகவே அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் பெற்றோரையும் வேண்டுகிறோம். அடுத்த ஐப்பசியில் காகித இலைகளைச் சற்று ஒதுக்கிவைத்து, வகுப்பறைச் சன்னலைத் திறந்துவிடுங்கள். மழலையர் தாம் கண்டதை வரையட்டும். இரு மொழியிலும் அதற்குப் பெயர் சொல்லட்டும். அந்தத் தங்கைக்கு நாங்கள் தரும் விடையும் இதுவே: நம்ம ஊருக்கு வருவது மழைக்காலம், கண்ணே, நீ வரைந்தது சரிதான்.